இளமையும் முதிர்ச்சியும்: ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தில் விரைவு குறித்த ஒரு மறுநோக்கு

முன்னுரை

ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தைக் கற்ற மாணவரிடம் அக்காதலர் இருவரும் மாண்டதற்குக் காரணம் யாது என வினவினால், பெரும்பாலும் ஒரே விடை கிடைக்கிறது. இளமையின் அவசரமும் பெரியோர் சொல் கேளாமையுமே காரணம் என்பது அவ்விடை. ஒப்பிலக்கிய வகுப்பில் இந்நாடகத்தைக் கற்பித்த ஆண்டுகளில் நாம் திருத்திய விடைத்தாள்களில் மிகப் பலவும் இக்கருத்தையே கூறின. இதற்கு மாணவரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. துணைநூல்களும் கற்பிக்கும் நாமும் நெடுங்காலமாக இவ்வாறே சொல்லி வந்துள்ளோம்.

இவ்விடை முற்றிலும் பிழையன்று. ஆயினும் நாடகத்தின் பாதியை அது மறைத்துவிடுகிறது. இதன்படி நோக்கினால், ரோமியோவும் ஜூலியட்டும் ஒரே இயல்பினர், பதற்றம் இளையோருக்கு உரியது, முதிர்ச்சி முதியோருக்கு உரியது என்னும் மூன்று முடிபுகளை நாம் ஏற்க வேண்டியதாகிறது. நாடகத்தைக் காட்சி காட்சியாகப் பயிலும்போது இம்மூன்றுமே நிலைகுலைகின்றன. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடங்குமுன் இரு சொற்களைப் பிரித்துக்கொள்வது தேவையாகிறது. விரைவு வேறு, பதற்றம் வேறு. காலம் குறுகியிருக்கும்போது விரைந்து செயற்படுதல் குற்றமாகாது. வள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என ஓர் அதிகாரமும் ‘காலமறிதல்’ என வேறோர் அதிகாரமும் வகுத்தமை, ஆராய்ச்சியும் காலத்தோடு செயற்படுதலும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பதை உணர்த்தும். பதற்றம் என்பது விளைவை நோக்காது உணர்ச்சிக்கு ஆட்பட்டுச் செய்வது. விளைவை முன்னரே நோக்கி அதன் பொறுப்பைத் தானே ஏற்பதை முதிர்ச்சி என்கிறோம். இவ்வளவுகோலைக் கொண்டு நாடகத்தை அணுகுவோம்.

வயதும் காலமும்

இக்கதை ஷேக்ஸ்பியரின் சொந்தக் கற்பனை அன்று. இத்தாலியக் கதைகளிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்த இக்கதையை ஆர்தர் புரூக் 1562இல் நெடும் செய்யுளாகப் பாடினார். ஷேக்ஸ்பியர் பெரிதும் பின்பற்றியது அச்செய்யுளையே. எனவே மூலத்தினின்று அவர் எங்கெங்கு விலகினார் என்பதைக் கொண்டு அவர் கருத்தை ஓரளவு உய்த்துணரலாம்.

இரு விலகல்கள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. முதலாவது வயது. பண்டெல்லோவின் இத்தாலியக் கதையில் நாயகி ஏறத்தாழப் பதினெட்டு வயதினள். புரூக்கின் செய்யுளில் அவளுக்குப் பதினாறு நிரம்பவில்லை. ஷேக்ஸ்பியரோ அவளைப் பதின்மூன்று வயதுச் சிறுமியாக்குகிறார். பதினான்கு நிரம்ப இன்னும் இரு வாரமும் சில நாளும் உள்ளன எனத் தாயும் செவிலியும் பேசும் பேச்சின் வழியாகக் கணக்குச் சொல்லவும் வைக்கிறார். இரண்டாவது காலம். புரூக்கின் கதை பல மாதங்களில் நிகழ்கிறது. மணந்த காதலர் பல வாரங்கள் மறைவாகக் கூடி வாழ்கின்றனர். நாடகத்திலோ ஞாயிறன்று தெருச் சண்டையுடன் தொடங்கும் கதை அவ்வாரத்திற்குள்ளேயே கல்லறையில் முடிகிறது. மண வாழ்க்கை ஓர் இரவாகச் சுருங்குகிறது.

அக்காலத்தில் பெண்களுக்குப் பதின்மூன்று வயதில் மணம் செய்வது இயல்புதானே எனச் சிலர் கூறுவர். திருச்சபைச் சட்டம் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதில் மணத்தை அனுமதித்தது உண்மையே. ஆனால் வரலாற்றறிஞர் பீட்டர் லாஸ்லெட் முதலியோரின் ஆய்வுகள், எலிசபெத் காலத்து இங்கிலாந்தில் சாதாரண மக்களிடையே மணமகளிர் பெரும்பாலும் இருபதுகளின் நடுப்பகுதியில் இருந்தனர் எனக் காட்டின. எனவே இலண்டன் அரங்கில் அமர்ந்திருந்தவருக்கும் ஜூலியட்டின் வயது திடுக்கிடச் செய்வதாகவே இருந்திருக்கும். பிற்கால அரங்கினருக்கு அது பொறுக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்நாடகத்தைத் திருத்தி மேடையேற்றிய டேவிட் கேரிக், நாயகியின் வயதைப் பதினெட்டாக உயர்த்தினார். ரோமியோ முதலில் ரோசலின் என்பாளிடம் கொண்டிருந்த காதலையும் பின்னர் நீக்கிவிட்டார். ஷேக்ஸ்பியர் வேண்டுமென்றே வைத்த இடர்ப்பாடுகள் அவருக்குக் குறைகளாகத் தோன்றின போலும்.

வயதைக் குறைத்தும் காலத்தைச் சுருக்கியும் ஷேக்ஸ்பியர் செய்ததன் பயன் யாது? இளமையைக் குற்றம் சாட்டுவதே நோக்கம் எனில், புரூக் அதனை முன்னரே செய்துவிட்டார். காதலர் இழிந்த இச்சைக்கு அடிமைப்பட்டுப் பெற்றோரைப் புறக்கணித்தவர் என்று அவர் தம் முன்னுரையிலேயே கடிந்துரைக்கிறார். ஷேக்ஸ்பியர் அம்முன்னுரையைப் பின்பற்றவில்லை. அவருடைய நாடகத்தின் முன்னுரைப் பாடல் பழியைப் பெற்றோரின் பகைமேல் வைக்கிறது. ஆகவே, பதின்மூன்று வயதுச் சிறுமியை ஐந்து நாளுக்குள் பெண்ணாக வளரும்படி நெருக்கினால் என்ன நேரும் என்பதே அவர் ஆராய விரும்பிய வினா எனக் கொள்ளலாம்.

பலகணிக் காட்சியில் இருவேறு குரல்கள்

பலகணிக் காட்சி எனப் புகழ்பெற்ற இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியை (நாடக மூலத்தில் பலகணி என்னும் சொல் இல்லை, சாளரமே உண்டு) இருவரும் ஒருசேர உணர்ச்சியில் மூழ்கிய காட்சியாகவே நாம் நினைவுகூர்கிறோம். கூர்ந்து நோக்கினால் இருவர் பேச்சும் வெவ்வேறு தளத்தில் இயங்குவதைக் காணலாம்.

ரோமியோ உவமைகளால் பேசுகிறான். ஞாயிறு, விண்மீன், வானவர் என அவன் மொழி மேலே செல்கிறது. ஜூலியட் வினாக்களால் பேசுகிறாள். மதில் உயரமாயிற்றே, எவ்வாறு ஏறினாய்? யார் வழிகாட்டினார்? என் உறவினர் கண்டால் உன்னைக் கொல்வரே? அவன் நிலவின்மேல் ஆணையிட முற்படும்போது, மாறும் இயல்புடைய நிலவின்மேல் ஆணையிட வேண்டா என அவளே தடுக்கிறாள். தங்கள் காதல் மிக விரைவானது, ஆராயப்படாதது, மின்னலைப் போன்றது என்னும் எச்சரிக்கையும் அவளிடமிருந்தே வருகிறது. பெரியோர் எவரும் கூறுமுன் இவ்வுறவின் அபாயத்தை முதலில் உணர்ந்து சொன்னவள் பதின்மூன்று வயதுச் சிறுமியே என்பது கருதத்தக்கது.

உணர்ந்தும் அவள் பின்வாங்கவில்லை. இங்குதான் அவளது இயல்பு முழுமையாக வெளிப்படுகிறது. உன் எண்ணம் நேர்மையானதெனில் மணம் செய்யும் இடத்தையும் நேரத்தையும் நாளை சொல்லியனுப்பு. அன்றேல் என்னை விட்டுவிடு என்று அவள் ஒரு நிபந்தனையை முன்வைக்கிறாள். இதில் விரைவு உண்டு. ஆயினும் மறைவான உறவை மணமாக மாற்றி அதற்கு ஒரு வரையறை தேடுபவள் அவளே. இதனைப் பதற்றம் எனக் கூறுதல் பொருந்தாது.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. ஒன்பது மணிக்கு அனுப்பிய செவிலி நண்பகல் வரை திரும்பாதபோது அவள் பொறுமையிழந்து தவிக்கிறாள். மணநாள் இரவு விரைந்து வர வேண்டுமெனத் துடிக்கிறாள். குழந்தைமை அவளிடம் இருக்கவே செய்கிறது. ஆனால் அத்தவிப்பு அவளது சொல்லில் நிற்கிறது. அவளது முடிவுகளை ஆள்வதில்லை.

ரோமியோவின் பொறுமையும் அதன் விலையும்

ரோமியோவை வெறும் பதற்றக்காரனாகக் காட்டுவதும் நேர்மையாகாது. மூன்றாம் அங்கத்தின் முதற்காட்சியில் டைபால்ட் அவனை இழிவுபடுத்திச் சண்டைக்கு அழைக்கிறான். சற்றுமுன் மணம் முடித்துவந்த ரோமியோ வாளை உருவவில்லை. டைபால்ட் இப்போது தன் மனைவியின் உறவினன் என்பதை எண்ணி, இன்சொல் கூறி விலகுகிறான். விளைவை நோக்கிச் சினத்தை அடக்கும் இச்செயலைவிட முதிர்ந்த செயலொன்றை அந்நகரத்து ஆடவர் எவரிடமும் நாம் காணவில்லை.

அம்முதிர்ச்சிக்கு வெரோனா அளித்த பரிசு யாது? நண்பன் மெர்குஷியோ அதனைக் கோழைத்தனமாகக் கருதித் தானே வாளை உருவுகிறான். இடையில் புகுந்து தடுக்க முயன்ற ரோமியோவின் கைக்குக் கீழாகவே டைபால்ட்டின் வாள் மெர்குஷியோவைத் துளைக்கிறது. உடனே ரோமியோ நிலைமாறுகிறான். ஜூலியட்டின் அழகு தன் ஆண்மையை மழுக்கிவிட்டதெனப் பழி கூறி, டைபால்ட்டைக் கொன்று, நாடு கடத்தப்படுகிறான்.

பொறுமையைப் பெண்மையெனவும் சினத்தை ஆண்மையெனவும் கற்பிக்கும் ஒரு சமூகத்தில், இளைஞன் ஒருவன் தன் முதிர்ச்சியைக் காத்துக்கொள்ள எவ்வித ஆதரவும் இல்லை என்பதே இக்காட்சியின் உட்பொருள். ரோமியோவின் பதற்றம் அவன் வயதின் குறை மட்டுமன்று; அவன் பயின்ற பண்பாட்டின் பாடமும் ஆகும்.

ஒரே அறை, இரு கத்திகள்

இருவரையும் ஒப்பிட ஷேக்ஸ்பியரே ஓர் இணைக் காட்சியை அமைத்துத் தந்துள்ளார். துறவி லாரன்ஸின் அறையில் முதலில் ரோமியோவும் (மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி), மறுநாள் ஜூலியட்டும் (நான்காம் அங்கம், முதற்காட்சி) கத்தியைக் கையிலெடுக்கின்றனர்.

ரோமியோ நாடு கடத்தப்பட்ட செய்தி கேட்டுத் தரையில் புரண்டு அழுகிறான். துறவி கூறும் ஆறுதல் அவன் செவியில் ஏறவில்லை. ஜூலியட் துயருறுகிறாள் என்று செவிலி சொன்னதும் கத்தியை உருவித் தன்னைக் குத்திக்கொள்ள முனைகிறான். 1597ஆம் ஆண்டு முதற்பதிப்பின் மேடைக் குறிப்பு, செவிலி அதனைப் பறிப்பதாகக் கூறுகிறது. தான் இறந்தால் தன்னை மணந்தவளின் நிலை யாது என்னும் எண்ணம் அவனுக்கு எழவில்லை. துறவியே அதனை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

ஜூலியட்டும் கத்தி ஏந்துகிறாள். ஆயின் அவள் முதலில் கேட்பது அறிவுரை. நீண்ட அனுபவம் உடையவர் நீங்கள். வழியொன்று இருந்தால் சொல்லுங்கள். இல்லையேல் இக்கத்தி தீர்ப்பு வழங்கட்டும் என்பது அவள் கூற்றின் சாரம். வழி ஒன்று உண்டு என்றதும், அது எத்துணை அச்சம் தருவதாயினும் ஏற்கிறாள். அதே அறையில், சற்றுமுன் எதிர்பாராது சந்தித்த பாரிஸிடம் பொய்யும் கூறாமல் உண்மையும் வெளியிடாமல் இருபொருள்படப் பேசி நிலைமையைக் காத்தவளும் அவளே. ரோமியோவின் கத்தி உணர்ச்சியின் எதிர்வினை. ஜூலியட்டின் கத்தி, எல்லா வழியும் அடைபட்டபின் எஞ்சுவது எனத் தானே வைத்துக்கொண்ட எல்லை. இருவரும் ஒரே இயல்பினர் என்னும் முடிபு இங்குத் தகர்கிறது.

முதியோரின் விரைவு

இனி முதியோரை நோக்குவோம். கபுலெட் முதல் அங்கத்தில் அறிவுடைய தந்தையாகவே அறிமுகமாகிறார். மகள் இன்னும் சிறியவள், இரண்டு கோடை கழியட்டும், அவள் இசைவும் வேண்டும் எனப் பாரிஸிடம் கூறுகிறார். அவரே மூன்றாம் அங்கத்தில், திங்கள் இரவு, மகளைக் கேளாமலேயே வியாழனன்று மணம் என நாள் குறிக்கிறார். இரண்டு கோடை மூன்று நாளாகச் சுருங்கிவிட்டது. மகள் மறுத்ததும், தெருவில் கிடந்து சாகட்டும் எனச் சீறுகிறார். பின்னர் அவள் பணிந்ததாக நடித்ததும், மகிழ்ச்சி மிகுதியால் மணநாளைப் புதனுக்கு முன்தள்ளுகிறார்.

இம்மாற்றம் சிறிதாகத் தோன்றினும் இதன் விளைவு பெரிது. துறவியின் திட்டப்படி ஜூலியட் புதன் இரவில் மருந்தை உண்ண வேண்டும். 42 மணி நேரம் இறந்தவள் போல் கிடப்பாள். அதற்குள் கடிதம் மாண்டுவாவில் உள்ள ரோமியோவை அடைய வேண்டும். கபுலெட்டின் அவசரத்தால் அவள் செவ்வாய் இரவே உண்ண நேர்கிறது. ஏற்கெனவே குறுகிய கால எல்லையில் ஒரு நாள் பறிபோகிறது. கடிதம் கொண்டுசென்ற துறவி, கொள்ளைநோய் ஐயத்தால் ஒரு வீட்டில் அடைக்கப்பட்டது ஊழின் செயலாகலாம். ஒரு நாளைப் பறித்ததோ தந்தையின் செயல்.

துறவி லாரன்ஸ் நிதானத்தைப் போதிப்பவர். விரைந்து ஓடுவோர் இடறுவர் என ரோமியோவை எச்சரித்தவர். அவரே அன்று பிற்பகல் மணத்தை நடத்தி வைக்கிறார். இரு குடும்பத்தையும் இணைக்கலாம் என்னும் நல்லெண்ணம் காரணம் எனினும், அவ்விணைப்புக்கு வேண்டிய ஒரே செயலை, அதாவது பெற்றோரிடம் உண்மை உரைத்தலை, அவர் செய்யவேயில்லை. இறுதிக் காட்சியில் கல்லறைத் தோட்டத்தில் விரைந்து வருகையில் தம் கால்கள் பலமுறை இடறியதாக அவரே கூறுகிறார். தாம் கொடுத்த எச்சரிக்கை தமக்கே பலித்ததை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

அகத்திணை மரபில் பயின்ற நமக்கு இவ்விடத்தில் ‘அறத்தொடு நிற்றல்’ நினைவுக்கு வருதல் இயல்பு. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமர்க்கும் காதலை முறையாக உணர்த்தும் மரபு அது. களவைக் கற்பாக்கும் பொறுப்பைப் பெரியோர் ஏற்கும் வழியை அக்கவிதையுலகு வகுத்து வைத்துள்ளது. இரண்டும் வேறு காலத்தின், வேறு மரபின் படைப்புகள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மதிப்பிடல் முறையன்று. எனினும் வெரோனாவில் இல்லாதது எது என்பதை இவ்வொப்பீடு தெளிவாக்குகிறது. அங்கும் செவிலி அறிவாள், துறவி அறிவார். அறிந்தவர் எவரும் அறத்தொடு நிற்கவில்லை. செவிலி, நெருக்கடி முற்றியபோது, ரோமியோவை மறந்து பாரிஸை மணந்துகொள் என எளிதாகக் கூறிவிடுகிறாள்.

தனிமையில் முதிர்தல்

செவிலியின் அச்சொல்லே ஜூலியட்டின் வாழ்வில் திருப்புமுனை. அவள் சண்டையிடவில்லை, அழவில்லை. நல்ல ஆறுதல் சொன்னாய் என அமைதியாகக் கூறி அனுப்பிவிட்டு, இனி இவளிடம் என் உள்ளத்தைத் திறவேன் என முடிவு செய்கிறாள். பால் கொடுத்து வளர்த்தவளை மனத்தால் பிரியும் அந்நொடியில் அவளது குழந்தைப் பருவம் முடிகிறது.

அடுத்து வருவது மருந்துண்ணும் தனிமொழி. இது நஞ்சாக இருந்தால்? பலிக்காவிட்டால்? ரோமியோ வருமுன் விழித்து மூச்சடைத்தால்? டைபால்ட்டின் உடல் கிடக்கும் இடத்தில் மனம் பேதலித்தால்? இவ்வாறு ஒவ்வொரு விளைவையும் வரிசைப்படுத்தி எண்ணுகிறாள். துறவியை ஐயுற்று, பின் அவர் நல்லவர் என்பதை நினைந்து, அவ்வையத்தை விலக்குகிறாள். அச்சத்தை மறைக்காமலே துணிகிறாள். ஆராய்ந்து துணிதலுக்கு இந்நாடகத்தில் இதனினும் சிறந்த சான்று இல்லை.

இத்தனிமொழிக்குத் திரைப்படங்கள் இழைத்ததை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். பிராங்கோ ஜெபிரெல்லி 1968இல் இயக்கிய புகழ்பெற்ற படத்தில் இது ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்டுள்ளது. கல்லறையில் ரோமியோ பாரிஸைக் கொல்லும் நிகழ்ச்சியும் அப்படத்தில் இல்லை. 1996இல் வெளிவந்த பாஸ் லுர்மனின் படத்திலும் அக்கொலை இடம்பெறவில்லை. ஜூலியட்டின் ஆராய்ச்சிக்குச் சான்றான பகுதியும் ரோமியோவின் பதற்றத்திற்குச் சான்றான பகுதியும் ஒருங்கே நீங்கிவிட்டால், எஞ்சுவது வேறுபாடற்ற இரு பேதைக் குழந்தைகளே. படத்தை மட்டும் பார்த்து விடை எழுதும் மாணவர், இளமையின் அவசரம் என எழுதுவதில் வியப்பில்லை.

கல்லறைக் காட்சி

பாரிஸின் மரணம் புரூக்கின் செய்யுளில் இல்லை, ஷேக்ஸ்பியர் சேர்த்தது. தான் அடையாளம் காணாத இளைஞன் ஒருவனிடம், என்னைத் தூண்டாதே, போய்விடு என முதலில் ரோமியோ கெஞ்சுகிறான், பின் கொல்கிறான். கொன்றபின் அவன் வேண்டியபடியே ஜூலியட்டின் அருகில் கிடத்துகிறான். டைபால்ட்டிடம் மன்னிப்புக் கோருகிறான். பரிவும் பதற்றமும் அவனுள் இறுதிவரை போராடுகின்றன. ஜூலியட்டின் இதழிலும் கன்னத்திலும் செம்மை மாறவில்லை என்பதை அவன் கண்ணே காண்கிறது. அவன் வாயே சொல்கிறது. ஆயினும் அவன் நின்று எண்ணவில்லை. பணியாள் பால்தசார் பொறுமை கொள்ளுமாறு மாண்டுவாவிலேயே வேண்டியதும் பயனற்றுப் போயிற்று.

இங்கு ஒரு வினா எழும். இறுதியில் ஜூலியட்டும் தன்னை மாய்த்துக்கொள்கிறாளே; அதனையும் முதிர்ச்சி என்பதா? அவ்வாறு கூறுதல் தவறு. மரணத்தைக் காதலின் வெற்றியாகக் கற்பித்தல், குறிப்பாக அவ்வயதினரே அமர்ந்திருக்கும் வகுப்பறையில், பெரும் பிழையாகும். ஜூலியட் எண்ணிப் பார்த்து இறக்கவில்லை. எண்ணிப் பார்க்க உடனிருக்க வேண்டியவர் ஓடிவிட்டதால் இறக்கிறாள். காவலரின் ஓசை கேட்டதும் துறவி, கன்னியர் மடத்தில் சேர்க்கிறேன் வா என இரண்டொரு சொல் கூறிவிட்டு, அவளைக் கணவனின் உடலோடு தனியே விட்டு வெளியேறுகிறார். தந்தை, தாய், செவிலி, துறவி என நால்வரும் ஒருவர்பின் ஒருவராகக் கைவிட்ட வரிசை அங்கு நிறைவெய்துகிறது. சிறுமி ஒருத்தி தன் வயதிற்கு மீறிய முதிர்ச்சியைப் பெற்றாலும், அதனைத் தாங்கத் துணை நிற்பவர் இல்லாவிடில் அது அவளைக் காப்பதில்லை. இதுவே இத்துன்பியலின் ஆழ்ந்த துன்பம் எனக் கருதுகிறோம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன இவை. காதலர் இருவரும் விரைகின்றனர். ஆயின் ஜூலியட்டின் விரைவில் ஆராய்ச்சி உண்டு. ரோமியோவின் பொறுமை நெருக்கடியில் பதற்றத்திற்கு இடங்கொடுக்கிறது. அப்பதற்றத்தையும் அவன் சமூகமே ஊட்டி வளர்த்தது. நிதானம் பேசிய முதியோர் செயலில் இளையோரினும் பதறினர். பேச வேண்டிய இடத்தில் வாய் திறவாதிருந்தனர். நாடக இறுதியில் வெரோனாவின் கோமகன், அனைவரும் தண்டிக்கப்பட்டோம் எனக் கூறுகையில், பகையைக் கண்டும் காணாதிருந்த தம்மையும் அதில் சேர்த்துக்கொள்கிறார். இறந்த பிள்ளைகளுக்குப் பொன்னால் சிலை எடுப்பதாகத் தந்தையர் இருவரும் போட்டியிடுகின்றனர். பிள்ளைகள் உயிரோடிருந்தபோது இரு வீட்டாரும் அவர்களுக்குச் செவிகொடுக்கவில்லை.

ஆதலின் இந்நாடகத்தை இளையோருக்கான எச்சரிக்கையாக மட்டும் கற்பிப்போமாயின், நாம் கற்பிப்பது ஷேக்ஸ்பியரின் நாடகத்தை அன்று. புரூக்கின் முன்னுரையையே ஆகும். காதலர் ஏன் அவசரப்பட்டனர் என்னும் வினாவோடு, அவர்கள் நம்பிச் சென்று சொல்லத்தக்க பெரியவர் ஒருவரேனும் அந்நகரில் இருந்தாரா என்னும் வினாவையும் வகுப்பில் எழுப்புதல் வேண்டும். முதல் வினாவிற்கு மாணவர் விடை எழுதட்டும். இரண்டாவது வினா, கற்பிக்கும் நம்மை நோக்கியும் கேட்கப்படுவதாகும்.